சூடு ஏறும் வரை

அத்தியாயம் 6

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பிணத்தருகே இருந்தவர்கள்:

மகாலட்சுமி. மனைவி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஷெட்டுக்குள் வந்தவள். கையில் சாணி. கத்தியது இவள்தான்.

அன்புச்செல்வன். மகாலட்சுமியின் தம்பி. மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவன். பனியனில் ரத்தம். பெயின்டரை அடித்ததில் பட்டது என்கிறான்.

கந்தசாமி. இறந்தவனின் அண்ணன். பஜாரில் மளிகைக் கடை. அதே காம்பவுண்டில் முன்வீடு. குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு ஓடி வந்தார்.

ஆனந்தராஜ். பெயின்டர். வேலைக்கு வந்தவன். பிணத்தின் தலை அவன் மடியில். இரண்டு கையும் சிவப்பு.

கன்னியப்பன். இறந்தவன். பழைய கார் புதுப்பிக்கும் ஷெட் அவனுடையது. மண்டையின் பின்பக்கம் இல்லை.

ஏட்டு எழிலரசன் போனில் சொன்னதை ஜெயக்கொடி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதியிருந்தாள். பதினோரு வருடம் கான்ஸ்டபிள். இப்போது செஞ்சி பஜாரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம். முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான் வரும். கொலை வருவது இது இரண்டாவது.

ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுத் தனகோட்டி பட்டியலை எட்டிப் பார்த்தான். ஆட்டோ ஓட்டுவது, துப்பறிய உதவுவது, இரண்டும் அவன் தொழில். இரண்டிலும் வழி தப்புவான்.

"இன்னாக்கா, பிணத்தையும் சாட்சி லிஸ்ட்ல சேத்துட்ட? கூப்ட்டா வருமா?"

"இதுல பொய் சொல்லாத ஆளு அது ஒண்ணுதான்."

பின்சீட்டில் இருந்த மங்கை சிரிக்கவில்லை. ஆனந்தராஜின் மனைவி. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. போலீஸ் வருவதற்குள் ஆனந்தராஜ் ஓடிவிட்டான் என்று அந்த வீட்டில் சொல்லியிருந்தார்கள். போலீஸ் அவனை அவலூர்பேட்டையில் அவன் அம்மா வீட்டில் தேடிக்கொண்டிருந்தது.

"ஓடலக்கா. பதினோரு மணிக்கு அந்த கேட்டாண்ட நின்னேன். டயரு ரூமுக்குள்ள இருந்து அவரு கத்துறாரு. எனக்குத் தெரியாதா அவரு கொரலு? அப்பாலதான் அந்த அன்புச்செல்வன் வெளிய வந்து, பாடி வரட்டும், பாடி முன்னாடியே வெட்டுறோம்னு சொல்றான். ஸ்டேஷன்ல சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க."

பிரேதப் பரிசோதனை முடிந்து வண்டி ஐந்து மணிக்கு வரும். இப்போது மணி மூன்று.

"நேத்து ஆனந்தராஜுக்கும் கன்னியப்பனுக்கும் என்ன சண்டை?" என்றாள் ஜெயக்கொடி.

"பெயின்ட்டுதான். இன்ஜின் சாமானுக்கு அடிப்பாங்களே, சூடு தாங்குற பெயின்ட்டு. அடிச்சுக் காயவெச்சு, ஓவன்ல போட்டு வேக வெக்கணும். நேத்து ஒண்ணு பொங்கிடுச்சு. கன்னியப்பன் அண்ணன் செருப்பால அடிச்சுட்டாரு."

"எதனால பொங்கும்?"

"எண்ணெய். பெயின்ட்டுக்கு அடியில ஒரு சொட்டு எண்ணெய்ப் பசை இருந்தாலும் சூடு ஏறினா கொப்புளம் போட்டுடும். இவரு தின்னர் போட்டு மூணு வாட்டி தொடைப்பாரு. பெயின்ட் அடிக்கிற அன்னிக்குத் தலைக்கு எண்ணெய் வெக்க மாட்டாரு. வடையைக் கூட இடது கையாலதான் தின்னுவாரு. நேத்து வேற யாரோ சாமானைத் தொட்டுட்டாங்கன்னு சொன்னாரு. யாரு கேக்குறாங்க?"

"இடது கையால வடையா?" என்றான் தனகோட்டி. "இதுக்கே உள்ள தள்ளலாம்."

ஜெயக்கொடி இறங்கினாள். "மங்கை, அரை மணி நேரம் பாரு. நாங்க வரலேன்னா ஏட்டைக் கையோட கூட்டிட்டு வா."

"ரெண்டு பேரு வரலேன்னாவா, ஒருத்தர் வரலேன்னாவா?" என்றான் தனகோட்டி. ஜெயக்கொடி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

சிங்கவரம் சாலையில் கடைசி வீடு. எதிரே ராஜகிரி மலை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. கேட்டில் நான்கு பேர் அரிவாளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு இருந்த அன்புச்செல்வன் எழுந்து வந்தான். முப்பது வயது. ஜெல் தடவி நிறுத்திய முடி. கண் இரண்டும் ரத்தக் கட்டி.

"போலீஸ் வேலையை விட்டுட்டல்ல? போய்க்கினே இரு."

"எதால அடிச்சான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சு?"

"கெணத்துல தேடியாச்சு. வயல்ல தேடியாச்சு. ஆயுதம் இல்லை. நான் எடுத்துத் தரேன்."

"எங்களுக்கு ஆயுதம் வாணாம். ஆளு போதும்."

தனகோட்டி சும்மா இருந்திருக்கலாம். "ஆளு ஓடிட்டான்னு சொன்னீங்களே மச்சான்?" என்றான்.

அன்புச்செல்வனின் முஷ்டி அவன் வாயில் இறங்கியது. தனகோட்டி தரையில் உட்கார்ந்து, ரத்தத்தோடு ஒரு பல்லையும் உள்ளங்கையில் துப்பினான். அதைப் பார்த்தான். "ஆடிக்கினு இருந்த பல்லு. டாக்டர் செலவு மிச்சம்," என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"உள்ள வுடு அவங்கள."

சொன்னது மகாலட்சுமி. வாசற்படியில் நின்றாள். தலை கலைந்திருந்தது. குரல் கலையவில்லை. "என் புருஷனை எதால அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"எதுக்கும்மா இப்ப இதெல்லாம்?" கந்தசாமி முன்வீட்டிலிருந்து வந்தார். ஐம்பது வயது. வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. "பாடி வர நேரம். சொந்தபந்தம் வரும்."

"வரட்டும் மாமா. பாக்கட்டும்."

ஷெட்டுக்குள் மண்ணெண்ணெய் வாசமும் ரத்த வாசமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நடுவில் பானட் திறந்த பழைய அம்பாசிடர். வயிறு காலி. இன்ஜின் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தது. ரத்தத்தின் மேல் மணல் கொட்டியிருந்தார்கள். மணல் போதவில்லை.

மேஜை ஓரத்தில் இரும்பைப் பிடித்து இறுக்கும் வைஸ். அதன் இரண்டு தாடைக்கு நடுவில் ஒரு நகம் ஒட்டிக்கொண்டிருந்தது. முழு நகம். ஜெயக்கொடி அதைப் பார்த்தாள். அன்புச்செல்வன் அவள் பார்ப்பதைப் பார்த்தான்.

"எத்தினி விரலு?"

"மூணு. நாலாவதுக்கு மயங்கிட்டான்."

"ஒத்துக்கினானா?"

"அதெல்லாம் ஒத்துக்குவான்."

அவள் பார்வையை உயர்த்தினாள். தலைக்கு மேலே கம்பியில் ஐந்து சாமான்கள் தொங்கின. எல்லாம் சில்வர் பெயின்ட். நான்கு சின்னது. ஐந்தாவது, இன்ஜின் புகையை வாங்கி சைலன்ஸருக்கு அனுப்பும் மேனிஃபோல்ட். வார்ப்பிரும்புக் குழாய்கள் கிளை கிளையாக ஒட்டிய துண்டு. கிட்டத்தட்ட ஆறு கிலோ.

காலையில் போலீஸும் இதன் கீழேதான் நின்று தேடியிருக்கிறது. பெயின்ட் அடித்துக் காயப்போட்டிருக்கும் பொருளை யார் சந்தேகப்படுவார்கள்?

"தனகோட்டி, அந்த நாலையும் பாரு. அப்பால இதைப் பாரு."

தனகோட்டி வீங்கிய உதட்டோடு அண்ணாந்து பார்த்தான். "நாலுக்கும் ஒரு பக்கம் டேப் ஒட்டி வுட்டிருக்கான். இதுக்கு ஒட்டல. முன்னாடி, பின்னாடி, போல்ட்டு ஓட்டைக்குள்ள, எல்லா எடமும் பூசியிருக்குது. கல்யாண வீட்டுச் சொவரு கணக்கா."

"இன்ஜினோட ஒட்டுற முகத்துல பெயின்ட் பட்டா பேக்கிங் உக்காராது. புகை கக்கும். எந்தப் பெயின்டரும் அங்க அடிக்க மாட்டான். இதைப் பூசினவனுக்கு இன்ஜின் முக்கியமில்ல. எல்லா எடமும் மூடணும். அவ்ளோதான்."

அவள் ஒரு துணியில் பெட்ரோல் தொட்டுக் குழாயின் உள்வாயைத் துடைத்தாள். சில்வர் கையோடு வந்தது. அடியில் சொரசொரப்பான இரும்பு. அதன் குழிகளில் பழுப்பாக ஏதோ உறைந்திருந்தது. அதில் மூன்று முடி.

மகாலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, இதால அடிச்சான்," என்றான் அன்புச்செல்வன். "அடிச்சுட்டுப் பெயின்ட் பூசி மாட்டிட்டான். பெயின்டருதானே? அவனை வுட்டா யாருக்கு இந்தப் புத்தி வரும்? கொலை பண்ணவன் டேப் ஒட்டிக்கினா இருப்பான்? அவசரம்."

நியாயமான கேள்வி. ஜெயக்கொடிக்கும் அது தெரிந்தது. கேட்டில் இருந்த நால்வரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவன் அரிவாளின் கூர்மையைக் கட்டைவிரலில் பார்த்தான்.

"வேக வெப்போம்," என்றாள்.

"இன்னாது?"

மூலையில் பேக்கரிக்காரர்கள் கழித்துப்போட்ட கேஸ் ஓவன் நின்றது. கன்னியப்பன் சாமான்களை அதில்தான் சுடுவான். "பெயின்டர் எவ்ளோ அவசரத்துலயும் தின்னர் போட்டுத் தொடைப்பான். அவன் கைக்கு அது பழக்கம். அவன் கையில எண்ணெய்ப் பசையும் இருக்காது. ஆனந்தராஜ் பூசியிருந்தா, பிடிச்ச எடத்துல பெயின்ட் நிக்கும். வேற எவனாவது பூசியிருந்தா பொங்கும்."

"பொங்கலேன்னா?"

"டயரு ரூம் சாவி உன்கிட்டதானே இருக்குது? நாங்க போயிடுறோம்."

தனகோட்டி அவள் காதருகே குனிந்தான். "அக்கா, பந்தயம் கட்டினது நம்ம உசுரு இல்லக்கா. அடுத்தவன் உசுரு."

"தெரியும்."

"இல்ல, தெரியலன்னா சொல்லலாம்னு."

"சாவு வீட்ல அடுப்பு மூட்டக் கூடாது." கந்தசாமி ஷெட்டு வாசலை மறித்து நின்றார். "பாடி எடுக்குற வரைக்கும் பக்கத்து வீட்லகூட ஒலை வெக்க மாட்டாங்க. தம்பி போயிருக்கான். என் கண்ணு முன்னாடி நெருப்பு பத்த வெப்பீங்களா?"

நால்வரில் இரண்டு பேர் தலையசைத்தார்கள். அன்புச்செல்வனும் தயங்கினான். ஒரு நிமிடம் காரியம் கெட்டுவிட்டது போலத்தான் இருந்தது.

மகாலட்சுமி மேஜையிலிருந்து லைட்டரை எடுத்தாள். ஓவனின் முன்னால் குந்தினாள். "செத்தது என் புருஷன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

கேஸ் குப்பென்று பற்றியது.

ஜெயக்கொடி மேனிஃபோல்ட்டைக் கம்பியோடு தூக்கி உள்ளே மாட்டினாள். கதவைச் சாத்தினாள். ஓவன் பக்கவாட்டில் இருந்த சூட்டுமானியின் முள் எண்பதைக் காட்டியது. நூறு. நூற்று இருபது.

காத்திருப்பதைப் போலக் கேவலமான வேலை இல்லை. தகரக் கூரைக்கு மேலே வெயில், கீழே ஓவன். எல்லோர் சட்டையும் முதுகோடு ஒட்டியது. டயர் அறையிலிருந்து ஒரு முனகல் வந்தது, நாய் முனகுவது போல. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அன்புச்செல்வனின் போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தான்.

"சீக்கிரமே முடிஞ்சுடுச்சாம். பாடி கெளம்பிடுச்சு. ஒரு மணி நேரம்." இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து மேஜைமேல் குத்தினான். "உனக்குப் பத்து நிமிசம்."

நூற்று அறுபது. பெயின்ட் வேகும் வாசம் மூக்கை அறுத்தது.

"அக்கா," என்றான் தனகோட்டி மெதுவாக, "பிரியாணியா இருந்தா இந்நேரம் தம் ஒடச்சிருப்பான்."

"இன்னும் அஞ்சு நிமிசம்."

இருநூறு. ஜெயக்கொடி இடுக்கியை எடுத்தாள். கதவைத் திறந்தாள். புகை வெளியே வந்து கூரையில் முட்டியது. அவள் மேனிஃபோல்ட்டை வெளியே இழுத்து, அம்பாசிடரின் மட்கார்டு மேல் வைத்தாள்.

எல்லோரும் குனிந்தார்கள்.

குழாயின் மேல்பக்கம் சில்வர் வழுவழுப்பாக இறுகியிருந்தது. நடுவில் மட்டும் பொங்கியிருந்தது. குறுக்காக நான்கு கோடு, கொப்புளம் கொப்புளமாக. அந்தப் பக்கம் தடிமனாக ஒன்று. அதன் கீழே அகலமாக உள்ளங்கை. இரும்பைப் பிடித்திருந்த ஒரு கை பெயின்ட்டுக்கு அடியிலிருந்து எழுந்து நின்றது.

"எண்ணெய்க் கை," என்றாள் ஜெயக்கொடி. "தண்ணி ஊத்திக் கழுவியிருக்கான். ரத்தம் கொஞ்சம் போச்சு. எண்ணெய் போகல. அது மேலயே பூசிட்டான். வேக வெக்கணும்னு அவனுக்குத் தெரியாது. இவ்ளோ எண்ணெய் தலை சீவுற கையில வராது. ஒடம்பு பூரா தேய்ச்சவன் கை."

அவள் அன்புச்செல்வனைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னா என்னைப் பாக்குறீங்க? தீவாளிக்கு அப்பால நான் எண்ணெயே தொட்டதில்ல."

"தெரியுது. உன் தலையே சொல்லுது. இன்னிக்கு என்ன கிழமை?"

"சனி."

"சனிக்கிழமை காலைல இந்தக் காம்பவுண்டுல எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சது யாரு?"

மகாலட்சுமி மெதுவாக நிமிர்ந்தாள். செவ்வாயும் வெள்ளியும் பெண்கள். புதனும் சனியும் ஆண்கள். இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"எங்க மூத்தாரு," என்றாள். கணவனின் அண்ணன் பெயரை அவள் சொல்லமாட்டாள். விரலை நீட்டினாள். "சனி தவறாம நல்லெண்ணெய். ஒரு மணி நேரம் ஊறுவாரு."

கந்தசாமி சிரித்தார். நல்ல சிரிப்பு, கடையில் சிரிப்பது. "எண்ணெய் தேய்ச்சது குத்தமா? குளிச்சுக்கினு இருந்தேன். நீங்கல்லாம் பாத்தீங்களே."

"பாத்தாங்க. அதனாலதான் யாரும் சந்தேகப்படல. எண்ணெய் தேய்ச்சவன் சட்டை போட மாட்டான். தெறிச்ச ரத்தம் எண்ணெய் மேலதான் விழும். சீயக்காய் போட்டா ரெண்டும் சேந்து சாக்கடைக்குப் போயிடும். எல்லாரும் ரத்தத்தோட நின்னாங்க. நீ ஒருத்தன்தான் சுத்தமா வந்த."

"என் தம்பியை நான் எதுக்கு…"

"அதை நீதான் சொல்லணும்."

கந்தசாமி அம்பாசிடரைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது, கழற்ற மறந்தது போல.

"பத்து மணிக்குப் பாண்டிச்சேரிக்காரன் அட்வான்சோட வரான்னான். வண்டிக்கு விலை பேசி முடிச்சாச்சுன்னான். எங்க நைனா வண்டி. நைனா இருந்த வரைக்கும் இவன்தான் முன்சீட்டு. நான் பின்னாடி, மூட்டையோட மூட்டையா. ஒரு தடவை, ஒரே தடவை முன்சீட்டுல உக்காந்துக்கறேன், சாவி குடுறான்னு இன்னிக்கிக் கேட்டேன். வெத்து ஒடம்போட நின்னு கேட்டேன். சிரிச்சான். நைனாவே உனக்குக் குடுக்கல, நான் குடுப்பனான்னு திரும்பிக்கினான்." அவர் மூச்சு வாங்கினார். "திரும்பியிருக்கக் கூடாது."

அடுத்தது யாரும் எதிர்பார்க்காதது. ஐம்பது வயது மளிகைக்காரர், இரண்டே எட்டில் மட்கார்டை அடைந்து மேனிஃபோல்ட்டை வெறுங்கையால் பிடித்து ஜெயக்கொடியின் தலைக்கு ஓங்கினார்.

ஓங்கியது பாதியில் நின்றது. இருநூறு டிகிரி. எண்ணெய்ச் சட்டியில் கறி விழுந்தது போலச் சத்தம் வந்தது. தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. விட நினைத்தார், விடவில்லை. அவர் அலறிய அலறலில் வெளியே மாடு கட்டுக் கயிற்றை இழுத்தது. தனகோட்டி அவர் முழங்காலில் உதைத்தான். மேனிஃபோல்ட் சிமென்ட்டில் விழுந்தபோது உள்ளங்கைத் தோல் அதோடு போனது.

அன்புச்செல்வன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு கந்தசாமி மேல் பாய்ந்தான். ஜெயக்கொடி இடுக்கியால் அவன் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு சத்தம் போட்டது. கத்தி கீழே விழுந்தது.

"ஒருத்தனை வெட்ட நின்ன. அவன் செய்யலேன்னு ஆச்சு. போதும்."

கேட்டில் இரண்டு பைக் வந்து நின்றது. எழிலரசன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார். பின்னால் மங்கை. அரிவாள்காரர்கள் நால்வரும் அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். தரையில் உருண்டுகொண்டிருந்த கந்தசாமியைக் கான்ஸ்டபிள்கள் தூக்கி நிறுத்தினார்கள். மகாலட்சுமி அவரிடம் போனாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவர் நெற்றி விபூதியைத் தன் உள்ளங்கையால் அழித்துவிட்டு வந்தாள்.

"ரூமைத் தொற," என்றாள் ஜெயக்கொடி.

அன்புச்செல்வன் இடது கையால் பூட்டைத் திறந்தான். சாவி தாழ்ப்பாளில் பூட்டோடு தொங்கியது. உள்ளே டயர்களுக்கு நடுவில் ஆனந்தராஜ் கிடந்தான். ஒரு கண் மூடியிருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் தடித்து, கறுத்து, வேறு யாருடையதோ போல இருந்தன. பெயின்ட் அடிக்கும் கை.

மங்கை அழவில்லை. அவன் இடது கையைத் தன் தோளில் போட்டு எழுப்பினாள். தனகோட்டி மறுபக்கம் பிடித்தான். வெளியே கொண்டுவந்தார்கள்.

அன்புச்செல்வன் வாசலில் நின்றான். "ஆனந்து, தெரியாமப் பண்ணிட்டேன்டா. மாமா போன ஆத்திரம். தெரியாது எனக்கு."

ஆனந்தராஜின் தாடை வீங்கியிருந்தது. அவனால் வாயைத் திறக்க முடியவில்லை.

மங்கை அவன் காலைப் பார்த்தாள். வெறுங்கால். "செருப்பு உள்ள கெடக்குது," என்றாள்.

"நான் எடுத்தாறேன்." ஏதோ ஒன்று செய்யக் கிடைத்த அவசரத்தில் அன்புச்செல்வன் உள்ளே போனான். டயர்களுக்கிடையே குனிந்து தேடினான்.

மங்கை புருஷனைத் தனகோட்டியின் மேல் சாய்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தாள். கதவை இழுத்தாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

"ஏம்மா, இன்னா பண்ற?" என்றார் எழிலரசன்.

"கொலைக் கேசு முடிஞ்சுது சார். மூணு விரலு கேசு இருக்குது. அதை எழுதுங்க, அப்பால தொறங்க."

உள்ளே அன்புச்செல்வன் கதவில் மோதினான். அவள் பூட்டை மாட்டி அழுத்தி, சாவியை உருவினாள்.